மேசையைச் சுற்றி இருப்பவர்கள்

செங்காங் வீவக புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் நாலு பிள்ளைகள் இருபது முகப் பகடையை உருட்டி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட, ஒருவரிடம் விதிப்புத்தகம் இருந்தால் போதும். மற்ற மூவரையும் இழுத்துவருவது அவர்தான். சம்பளம் வாங்காத விற்பனையாளர். இதை, ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் மறந்தது. 2000 முதல் ஆட்ட விதிகளைப் பிறரும் பயன்படுத்தத் திறந்துவைத்திருந்த உரிமத்தை மாற்றும் வரைவு கசிந்தது: அப்படிப் பயன்படுத்துவோரின் வருமானம் 750,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு வரை கப்பம். கொதித்த ரசிகர்கள் இணையச் சந்தாவை ரத்துசெய்தார்கள். அம்மாத இறுதிக்குள் நிறுவனம் பணிந்து, அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் வரைவு எழுதும் முன்பே ஆடுகிறவர்களைக் கேட்டிருக்க வேண்டும். அந்த மரியாதை அவர்களுக்கு உரியது.