ஒன்றேமுக்கால் மீட்டர்

படவேடு, சந்தவாசல், கண்ணமங்கலம் பக்கம் பொங்கல் விளையாட்டு என்றால் கபடிதான். பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து மிதி மிதித்த கால்கள் சாயங்காலம் மைதானத்துக்கு வருகின்றன. வாழைத்தோப்பில் மண் அணைத்துவிட்டு நேராக வருகிற கால்களும் உண்டு. மண்ணைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். முதல் ஆட்டம் முடிவதற்குள் கோடுகள் கலைந்துவிடும். நடுக்கோட்டை மட்டும் யாராவது ஓடிப்போய் மறுபடி போட்டு வைப்பார்கள். பின்னால் இருக்கிற போனஸ் கோடு மங்கியே கிடக்கும்.

நெருக்கமான ஆட்டங்கள் பலவற்றில் வெற்றி தோல்வி தீர்மானமாவது அந்த மங்கிய கோட்டில்தான்.

கூட்டம் பார்ப்பது ரெய்டரை. விசில் அடிப்பதும் அவருக்கே. மூன்று பேரைத் தொட்டுவிட்டுப் பாய்ந்து வந்து நடுக்கோட்டைத் தொடும்போது எழுகிற ஆரவாரத்துக்கு ஈடு கிடையாது. அது நியாயமான ஆரவாரமும்கூட. ஆனால் சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதும்போது இரு பக்கமும் நல்ல ரெய்டர் இருப்பார், நல்ல பிடியும் இருக்கும். அங்கே வித்தியாசத்தை உண்டாக்குவது வேறு கணக்கு. எங்கே நிற்கிறோம், உள்ளே எத்தனை பேர் மிச்சம், இது எத்தனையாவது ரெய்டு, கடிகாரத்தில் எவ்வளவு நேரம் என்ற கணக்கு. ஊர் அணிகள் மிகக் குறைவாகப் பழகுவதும் இதைத்தான்.

முதலில் களத்தின் அளவு. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் ஆறரை மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. போனஸ் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை மிச்சம் ஒன்றேமுக்கால் மீட்டர். இரண்டு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி. உள்ளே நுழையும் ரெய்டர் யாரையும் தொடாவிட்டால், பாக் கோட்டையாவது தாண்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தாண்டாமல் வந்தால் அவரே வெளியே. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவர முடியாதபடி அந்தக் கோடு காவல் நிற்கிறது.

போனஸ் எடுக்கிற நொடியைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ரெய்டர் வலது காலை நீட்டி, விரல் நுனியைப் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றுகிறார். அந்த நேரத்தில் இடது கால் தரையில் படக் கூடாது. உடல் எடை முழுவதும் ஒரு கட்டைவிரலில். நடுக்கோடு நாலேமுக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. கார்னரில் நிற்பவரின் கை அரை அடித் தூரத்தில் இருக்கிறது. பின்னங்கால் தரையை உரசியதா இல்லையா என்று நடுவர் குனிந்து பார்க்கிறார். எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ உள்ளே இருந்தால் மட்டுமே இந்தப் புள்ளி செல்லும். ஐந்து பேராகக் குறைந்துவிட்டால் அந்தக் கோட்டுக்கு மதிப்பே கிடையாது.

இதனால்தான் கார்னர் ஆட்டக்காரர் நிற்கிற இடம் ஆட்டத்துக்கு ஆட்டம் மட்டுமல்ல, ரெய்டுக்கு ரெய்டு மாற வேண்டியிருக்கிறது. ஏழு பேர் உள்ளே இருக்கும்போது அவர் அந்த ஒன்றேமுக்கால் மீட்டர் பட்டைக்குள் பதுங்கி நின்றால் ரெய்டர் நிம்மதியாகப் போனஸ் எடுத்துக்கொண்டு போவார். முன்னால் வந்தால் தொடு வாங்குவார். பின்னால் சரிந்தால் கடைசிக் கோட்டை மிதித்து வெளியே. ஐந்து பேராகிவிட்டால் போனஸைக் காக்கும் வேலை இல்லை. எங்கே நின்று மடக்கலாம் என்பதை அணியே தீர்மானித்துக்கொள்ளலாம். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் வலது கார்னரில் நின்றே பெயர் வாங்கியவர். 2016 ஜூலையில் புரோ கபடியில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது கேப்டன் அவர். இளைஞர்கள் நிறைந்த ஆட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியும் அவர் நீடித்ததற்கு, வேகத்தைவிட நிற்கும் இடம் பற்றிய அறிவு பெரிய காரணம்.

அடுத்தது ஆள் கணக்கு. உள்ளே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் இரண்டு புள்ளி. இதுதான் சூப்பர் டாக்கிள். ஒரே ஒருவர் மிச்சம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெய்டர் அவரைத் தொட்டுவிட்டால் தொடுவுக்கு ஒன்று, ஆல் அவுட்டுக்கு இரண்டு, ஆக எதிரணிக்கு மூன்று புள்ளி. அவர் ரெய்டரைப் பிடித்துவிட்டால் இந்தப் பக்கம் இரண்டு புள்ளி, கூடவே வெளியே உட்கார்ந்திருக்கிற ஒருவர் உள்ளே வருவார். ஒரே மோதல், இரண்டு முடிவுகளுக்கு இடையே ஐந்து புள்ளி வித்தியாசம். இருபது நிமிடப் பாதியில் ஒரு நல்ல ரெய்டர் பாடிப் பாடிச் சேர்க்கிற புள்ளி ஒரு நொடியில் கைமாறும். இருந்தும், மூன்று பேராகக் குறைந்ததும் நம் ஊர் அணிகளில் தலை தொங்கிவிடுகிறது. "சீக்கிரம் ஆல் அவுட் ஆயிட்டு ஏழு பேரா உள்ள போலாண்டா" என்று பெஞ்சிலிருந்தே குரல் வரும். அது இரண்டு புள்ளியை இலவசமாகக் கொடுக்கிற ஆலோசனை.

மூன்றாவது, வெறும் ரெய்டுகளின் எண்ணிக்கை. புள்ளி இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு ரெய்டு போய்விட்டால், மூன்றாவதில் எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரெய்டர் வெளியே. ஒரு ரெய்டுக்கு 30 நொடி. கடைசி இரண்டு நிமிடம் இருக்கிறது என்றால் முழு நேரமும் எடுத்துக்கொண்டால் அணிக்கு இரண்டு ரெய்டு. இரண்டு புள்ளி முன்னணியில் இருக்கிற அணியின் வெறும் ரெய்டு எண்ணிக்கை அப்போது பூஜ்யமாக இருந்தால், இரண்டையும் பாக் கோட்டைத் தாண்டிவிட்டு வெறுமனே திரும்பி, நேரத்தைக் கரைத்துவிடலாம். எண்ணிக்கை ஏற்கெனவே இரண்டாக இருந்தால் அதே முன்னணி ஆபத்தில் இருக்கிறது. ஆகவே கடைசி இரண்டு நிமிடத்துக்கான தயாரிப்பு ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும்.

இந்தச் சிந்தனையை ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்காரர்கள். கையில் பந்தை ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தில் நூறு கெஜக் களம். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்று வாய்ப்பில் முடியாவிட்டால் நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியைத் தொலைவுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படி உதைப்பதற்கும், உதைத்த பந்தைப் பிடித்து ஓடுவதற்கும் தனியாக ஆட்கள், தனியாகப் பயிற்சி. 2013 நவம்பர் 30 அன்று அலபாமா, ஆபர்ன் பல்கலைக்கழகங்கள் மோதின. அலபாமா அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியன். 28-28 என்று சமநிலை, மிச்சம் ஒரு நொடி. அலபாமா 57 கெஜத்திலிருந்து கம்பத்துக்கு நடுவே உதைத்துப் பார்த்தது. பந்து எட்டாமல் விழுந்தது. கடைசிக் கோட்டருகே காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்துக் களத்தின் மறுகோடி வரை ஓடினார், 34-28. அந்த நேரத்தில் அலபாமாவுக்காகக் களத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் உதைப்பவரைக் காப்பதற்காக நிறுத்தப்பட்ட கனத்த உடல்காரர்கள். வேகமாக ஓடுபவரைத் துரத்திப் பிடிக்க அவர்களால் ஆகவில்லை. ஒரு சூழ்நிலைக்காக இறக்கிய ஆட்கள் இன்னொரு சூழ்நிலையில் சிக்கிக்கொண்டார்கள்.

அதே 28-28 பத்து ஆண்டுகள் கழித்துக் கபடியில் வந்தது. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆண்கள் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம். இந்தியாவுக்கு எடுத்தே ஆக வேண்டிய மூன்றாவது ரெய்டு. கேப்டன் பவன் செராவத் போனார். யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்தி வந்த ஈரான் தடுப்பாட்டக்காரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். லாபி என்பது தொடு நடந்த பிறகுதான் களத்தின் பகுதி ஆகும். அதுவரை அது வெளி. பழைய விதிப்படி, தொடு இல்லாமல் பின்னால் வந்த தடுப்பாட்டக்காரர்களும் வெளியேற வேண்டும். புரோ கபடி வழக்கமாக்கிய புதிய விதிப்படி ரெய்டர் மட்டுமே வெளியே. எந்த விதி என்பதில் நடுவர்களின் தீர்ப்பு மாறி மாறி வந்தது. இரண்டு அணியும் பாயிலேயே உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தன. ஆட்டம் ஒரு மணி நேரம் அளவுக்கு நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு நான்கு, ஈரானுக்கு ஒன்று என்று முடிவாகி, 33-29இல் இந்தியா தங்கம் வென்றது.

ஒரு மீட்டர் பட்டை ஆசியத் தங்கத்தைத் தீர்மானித்தது. உலகத்தரமான ஆட்டக்காரர்களுக்கே அந்தக் கோட்டில் கால் தடுமாறியது. அதே நாளில் பெண்கள் இறுதி ஆட்டத்தில் இந்தியா சீனத் தைபேயை வென்றது 26-25 என்ற கணக்கில். அந்தத் தொடரில் இந்தியாவின் நூறாவது பதக்கம் அது. வித்தியாசம் ஒரு புள்ளி. ஒரு போனஸ் தருவதும் ஒரு புள்ளிதான்.

ஈரான் இந்தியாவை இவ்வளவு தூரம் நெருக்கியது திடீரென்று நடக்கவில்லை. 2016 அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியில் பாதி ஆட்டத்தில் ஈரான் 18-13 என்று முன்னால் இருந்தது. பிறகுதான் அஜய் தாகூரின் ரெய்டுகளால் இந்தியா 38-29 என்று மீண்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அரையிறுதியிலேயே ஈரான் 27-18 என்று இந்திய ஆண்களை வெளியேற்றியது. நாற்பது நிமிடத்தில் இந்தியாவுக்குப் பதினெட்டே புள்ளி என்பது தடுப்பாட்டத்தின் வெற்றி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டின் ஆண்கள் இறுதியிலும் இந்தியா ஈரானை வென்றது 35-32 என்றுதான். மூன்று புள்ளி என்றால் ஒரு தொடு, ஒரு ஆல் அவுட். அங்கே ஆடிய இந்திய ஆண், பெண் அணிகளில் வடுவூரிலிருந்து ஓர் இளைஞரும் சென்னை கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண்ணும் இருந்தார்கள் என்பது தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பெருமை.

புரோ கபடியில் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸின் ரசிகர்களுக்கும் இந்தக் கணக்கு பழக்கமானது. 2022 டிசம்பரில் மும்பையில் யூபி யோதாவுக்கு எதிரான வெளியேற்றுச் சுற்று 36-36இல் நின்றது. டை பிரேக்கரில் ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ரெய்டு. அப்போது பாக் கோடே போனஸ் கோடாகவும் மாறிவிடும். ஒரு மீட்டர் முன்னால் வந்துவிட்ட அந்தக் கோட்டுக்கு ஏற்ப நின்று, பாடி, தலைவாஸ் 6-4 என்று ஜெயித்து முதல் முறையாக அரையிறுதிக்குப் போனார்கள். அரையிறுதியில் புனேயிடம் தோற்றது இரண்டே புள்ளியில், 39-37.

இவ்வளவும் தெரிந்த பிறகு நம் ஊர்ப் பயிற்சியைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. படவேட்டுப் பக்கத்து இளைஞர்களிடம் கால் பலம் இருக்கிறது. பாவு இழை ஒன்று அறுந்தாலும் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற கண்ணும் பொறுமையும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே பழக்கம். ஆனால் மாலைப் பயிற்சியில் நடப்பது என்ன? ஏழுக்கு ஏழு என்று பிரிந்து, இருட்டும் வரை ஆடுவார்கள். நல்ல ரெய்டர் ரெய்டு போவார், நல்ல பிடிகாரர் பிடிப்பார். மூன்று பேரை மட்டும் உள்ளே நிறுத்தி ஆடிப் பார்ப்பது கிடையாது. கடைசி இரண்டு நிமிடம், ஒரு புள்ளி பின்னால், இது மூன்றாவது ரெய்டு என்று சூழ்நிலை வைத்து ஆடுவது கிடையாது. போனஸுக்குப் பின்னங்காலைத் தூக்கிப் பழகுவதும் அரிது. பிறகு மாவட்ட அளவில் பாயில், மங்காத கோடுகளுக்கு நடுவே, பயிற்சி பெற்ற விடுதி அணிகளோடு மோதும்போது நான்கைந்து புள்ளியில் தோற்றுத் திரும்புகிறார்கள். திறமையில் தோற்றதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதுதான் பெரிய அநியாயம். சில பிள்ளைகள் அதோடு ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஓர் அளவு நாடா, ஒரு மூட்டை சுண்ணாம்பு, கைப்பேசியில் இருக்கிற கடிகாரம் போதும். களத்தை 13-க்கு 10 என்று அளந்து, எல்லாக் கோடுகளையும் சரியாகப் போட வேண்டும்; ஆட்டத்துக்கு ஆட்டம் போனஸ் கோட்டையும் புதுப்பிக்க வேண்டும். பெண்கள் களம் 12-க்கு 8. அவர்களுக்குத் தனியாக அளந்து போட வேண்டும், ஆண்கள் கோட்டிலேயே ஆடச் சொல்லக் கூடாது. பயிற்சியில் கடைசி அரை மணி நேரத்தை மூன்று பேர் தடுப்புக்கும், மூன்றாவது ரெய்டுக்கும், இரண்டு நிமிடக் கணக்குக்கும் ஒதுக்கலாம். பெஞ்சில் உட்காரும் மாற்று ஆட்டக்காரர் ஒருவருக்கு வெறும் ரெய்டுகளை எண்ணிக் குரல் கொடுக்கும் வேலையைக் கொடுக்கலாம். அவர் "அண்ணே, ரெண்டு போயிடுச்சு" என்று கத்தினால் உள்ளே போகிற ரெய்டருக்கு அது பாதி உதவி. போட்டி தொடங்கும் முன்பே கேப்டன் நடுவரிடம் போய், லாபிக்கு எந்த விதி, போனஸ் உண்டா, டை ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாங்சோவில் ஒரு மணி நேரம் ஆன விஷயம் இங்கே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பொங்கல் போட்டி நடத்தும் மன்றங்கள் இன்னொன்றும் செய்யலாம். சிறந்த ரெய்டருக்கு ஒரு கோப்பை, ஒரு சில்வர் குடம் என்று பரிசு வைப்பது எல்லா ஊரிலும் வழக்கம். இந்த ஆண்டு சூப்பர் டாக்கிளுக்கும் ஒரு பரிசு அறிவிக்கட்டும். ஒவ்வொரு சூப்பர் டாக்கிளையும் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். மார்கழியிலேயே நோட்டீஸில் அதை அச்சடித்துவிட்டால், மூன்று பேர் மட்டும் உள்ளே நின்று பிடிக்கிற பயிற்சி அந்த வாரமே ஊர் ஊராகத் தொடங்கிவிடும்.