ஏறினால் நமக்கு, இறங்கினால் யாருக்கு?

2020 ஏப்ரலில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே போனது. அமெரிக்கச் சந்தையில் ஒருநாள் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுக்கும் வேடிக்கையும் நடந்தது. பொதுமுடக்கத்தில் வேலையிழந்து வீட்டில் கிடந்த நம் மக்களுக்கு அதில் ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை. மே 5ஆம் தேதி இரவு மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. பம்பில் விலை ஏறவில்லையே என்று ஆறுதல் சொன்னார்கள். இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காமல் போனதைப் பற்றிப் பேச்சில்லை. அடுத்த மாதமே, ஜூன் 7 முதல், விலை நாள்தோறும் ஏறத் தொடங்கியது.

பெட்ரோல் விலையைச் சந்தையிடம் ஒப்படைத்தது 2010 ஜூனில். டீசலை 2014 அக்டோபரில். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் முறை வந்தது. இந்தச் சந்தைக்குத் தேர்தல் தேதியும் தெரியும் என்பதுதான் விசேஷம். 2021 தீபாவளியன்று வரியைக் குறைத்துவிட்டு, அதன்பின் 137 நாட்கள் விலையை அசையாமல் வைத்திருந்தார்கள். இடையில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து எண்ணெய் 130 டாலரைத் தாண்டியது, அப்போதும் அசைவில்லை. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் வெளியானது மார்ச் 10. மார்ச் 22இல் தொடங்கி 16 நாட்களில் 14 தடவை விலை ஏறியது. மொத்தம் லிட்டருக்கு 10 ரூபாய்.

2014இல் லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசின் வரி 9.48 ரூபாய். 2020இல் அது 32.98. இரண்டு முறை குறைத்து, 2022 மே மாதம் 19.90க்குக் கொண்டுவந்தார்கள். இந்த 19.90இல் மாநிலங்களோடு பங்கிடும் அடிப்படைக் கலால் வரி 1.40 ரூபாயாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் டெல்லியிலேயே தங்கிவிட்டது. இதில் மாநிலங்களுக்குப் பங்கில்லை என்ற தமிழக அரசின் புகார் நியாயமானது. ஆனால், பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாமா என்ற பேச்சு 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்தில் எழுந்தபோது, வேண்டாம் என்று மாநிலங்கள் ஒரே குரலில் சொன்னதையும் மறந்துவிடக் கூடாது. வாட் வருமானத்தை விட்டுக்கொடுக்க எந்தக் கட்சி ஆளும் மாநிலத்துக்கும் மனம் வராது.

பெட்ரோல் ஏறினால் வண்டி வைத்திருப்பவருக்குத்தானே கஷ்டம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயம்பேட்டுக்கு நாசிக்கிலிருந்து வரும் வெங்காயத்தையும் கோலாரிலிருந்து வரும் தக்காளியையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். லாரி வாடகை ஏறினால் அது கடைசியில் ரசத்தில்தான் இறங்கும். ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அரசு மீட்டர் கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அன்று பெட்ரோல் சுமார் 75 ரூபாய். 2021இல் அது நூறைத் தாண்டியபோதும் கட்டணம் அதேதான். மீட்டர் போடச் சொன்னால் ஓட்டுநர் முகத்தைச் சுளிக்கிறார் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். பழைய கட்டணத்தில் புதிய விலை பெட்ரோலை ஊற்றி அவர் எப்படிக் குடும்பம் நடத்துவார் என்று கேட்க வேண்டிய இடம் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டை.

சமையல் எரிவாயுவின் கதை இன்னும் மோசம். 2020 மே மாதத்துக்குப் பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு மானியம் சத்தமில்லாமல் நின்றுபோனது. 2023 மார்ச்சில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 1,118.50 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் 200 ரூபாய் குறைந்தது. மக்களவைத் தேர்தலுக்கு முன்பு, 2024 மகளிர் தினத்தன்று இன்னொரு 100 ரூபாய். ஏழைகளுக்கான உஜ்வலா திட்டத்தில் இணைப்பு பெற்ற குடும்பங்கள் 2022-23இல் சராசரியாக நான்கு சிலிண்டர்கூட வாங்கவில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று வேளையும் கேஸில் சமைத்தால் அது அரை ஆண்டுக்கு வந்தாலே அதிகம். மீதி நாட்களுக்கு என்ன? ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் கேஸ் அடுப்பு துடைத்து வைத்தபடி திண்டில் இருக்கும். கொல்லையில் சீமைக்கருவேல விறகில் உலை கொதிக்கும். விருந்தாளிக்கு டீ போடவும், விறகு நனைந்துபோகும் அடைமழைக்கும்தான் சிலிண்டர். விலையேற்றம் அங்கே உலை வைக்கும் பெண்ணின் கணக்கில் ரூபாயாக ஏறுவதில்லை. கண்ணெரிச்சலாகவும் விறகு பொறுக்கும் மணிநேரமாகவும் ஏறுகிறது.

அப்படியானால் அரசே விலையை ஏற விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதைச் செய்து பார்த்த நாடு பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் எண்ணெய்க் கூட்டுத்தாபனம் நட்டத்துக்கு விற்றுக்கொண்டே இருந்தது, கையிருப்பில் இருந்த டாலர் தீரும்வரை. 2021 முடிவில் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல், 2022 ஜூன் இறுதியில் 470. வரிசையில் நின்றே உயிரைவிட்டவர்களும் உண்டு. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய யாழ்ப்பாணத்தார் மறுபடி சைக்கிளைத் தூசு தட்டினார்கள். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340. வெளியிணைப்பு இயந்திரப் படகில் கடலுக்குப் போகும் வடபகுதி மீனவரும், மண்ணெண்ணெயை நம்பியிருந்த மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயன் குடியிருப்புக் குடும்பங்களும் அந்த ஒரு இரவில் நாலு மடங்கு ஏழையானார்கள். இதனிடையே வந்த கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டைப் பலரும் பாராட்டினார்கள். வரிசைகள் குறைந்தது உண்மை. ஆனால் தொடக்கத்தில் வாரத்துக்குக் காருக்கு 20 லிட்டர், வாடகைக்கு ஓடிப் பிழைக்கும் முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர். பங்கீட்டிலும் வசதி முன்வரிசையில்தான் நின்றது.

மலேசியா வேறு வழியில் போனது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை விலக்கி, 2.15 ரிங்கிட்டாக இருந்ததை 3.35 ஆக்கியது, தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் ரொக்கம் கொடுத்தது. 2025 செப்டம்பர் இறுதியில், மைகார்டு அடையாள அட்டை காட்டும் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் 1.99 ரிங்கிட், மற்றவர்களுக்கு 2.60 என்றாக்கியது. நம் ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர் கூடுதல் விலைதான் கொடுக்க வேண்டும். குறை உண்டு, ஆனாலும் யாருக்கு உதவுகிறோம் என்பது அந்த அரசுக்குத் தெரிந்திருக்கிறது. வளர்ந்த நாடுகளும் விலையேற்றத்துக்குத் தப்பவில்லை. பிரிட்டனில் 2021 அக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த வழக்கமான வீட்டு எரிசக்திக் கட்டணம், ஓராண்டில் அரசு தலையிட்ட பிறகும் 2,500 ஆனது. அந்தப் பணக்கார நாட்டில் நூலகங்களையும் தேவாலயக் கூடங்களையும் ஏழைகள் குளிர்காயத் திறந்துவைத்தார்கள்.

எல்லாருக்கும் லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைப்பது கைத்தட்டல் வாங்கித் தரும். 40 லிட்டர் நிரப்பும் கார்க்காரருக்கு அதில் 200 ரூபாய் மிச்சம். இரண்டு லிட்டர் போடும் ஸ்கூட்டிக்காரருக்குப் பத்து ரூபாய். பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கு நேரடியாக எதுவும் இல்லை. 2021 மே முதல் தமிழகத்தில் நடக்கும் மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தைச் சிலர் ‘ஓசி’ என்று கிண்டல் செய்தார்கள். அந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. என் கணக்கில் அதுதான் இந்த மாநிலத்தின் உருப்படியான எரிபொருள் கொள்கை. ஆனால் 2018க்குப் பிறகு கட்டணம் உயர்த்தாத அரசுப் பேருந்துகள் ஏறிய டீசல் விலையை நட்டமாகச் சுமந்து, ஓட்டை உடைசலாக ஓடினால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஆகவே, மத்திய அரசு செஸ் வருமானத்தில் மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். பங்கு கேட்கும் மாநிலங்கள், அந்தப் பணத்தைப் பேருந்து வாங்கவும் ஓட்டவும் மட்டுமே செலவிடுவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.