கூடார டிரெய்லருக்கும் வழி திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேரவன் சுற்றுலா பற்றிய தங்கள் கட்டுரையை முழு மனதோடு ஏற்கிறேன். கேரளம் 2021-இல் இதற்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2023-இல் வெளியான நம் மாநிலச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடமுண்டு. ஆனால் கட்டுரை சொகுசு வண்டிகளோடு நின்றுவிட்டது. ஜீப்புக்குப் பின்னால் பூட்டி இழுக்கும், மேலே கூடாரம் விரியும் சிறு டிரெய்லர் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறை ஒன்றில் அப்படியொரு டிரெய்லரை எனக்காகக் கட்டினேன். பட்டறைக்காரர் முதலில் கேட்டதே, "எடை எங்கே உட்காரும்?" என்பதுதான். பின்பக்கம் கனம் கூடினால், வேகத்தில் டிரெய்லர் இருபுறமும் ஆடி, இழுக்கும் வண்டியையும் நிலைகுலைத்துவிடும். ஆகவே தண்ணீர்த் தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தார். கூடாரம் உச்சியில் இருப்பதால் மற்ற கனமெல்லாம் அடியில். கடலோர உப்புக்காற்றுக்காக இரும்புச் சட்டகத்துக்குத் துத்தநாகப் பூச்சு. வேலை தெரிந்த கைகள் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

தடை வேறிடத்தில். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே, பதிவு கட்டாயம். தனியாள் கட்டியதை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். என் டிரெய்லர் இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது.

போக்குவரத்துத் துறை இதற்கான நடைமுறையைத் தெளிவாகத் தமிழில் வெளியிட வேண்டும். பிச்சாவரத்திலோ சாமியார்பேட்டையிலோ தண்ணீர், கழிவறை, விளக்கு வசதியோடு இத்தகைய டிரெய்லர்கள் தங்க ஒரு திடலைச் சுற்றுலாத் துறை ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், சிதம்பரம்