ரேங்க் கார்டும் சினையாகுபெயரும்

பள்ளி தரும் முன்னேற்ற அறிக்கைக்குத் தமிழ்நாட்டு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'ரேங்க் கார்டு'. பாடவாரியான மதிப்பெண், வருகைப்பதிவு, ஆசிரியர் குறிப்பு, பெற்றோர் கையொப்பம் என எத்தனையோ அதில் இருக்க, ஓரத்தில் எழுதப்படும் ஒற்றை எண்ணே முழு அட்டைக்கும் பெயராகிவிட்டது. வெற்றிலை நட்டேன் என்று கொடியைச் சொல்வதுபோல, இதுவும் சினையாகுபெயர்தான். பெற்றோரின் கண் அட்டையில் முதலில் எங்கே போய் நிற்கிறது என்பதை இப்பெயரே காட்டிக்கொடுக்கிறது.

2017இல் தமிழ்நாடு அரசு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவிலான முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. 2023இல் சிபிஎஸ்இ தகுதிப் பட்டியலும் வெளியிடவில்லை. முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்ற பகுப்பையும் வழங்கவில்லை. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் இவை பொதுத்தேர்வைப் பற்றியவை. ஆறாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பருவத்திலும் குழந்தையின் கையில் தரப்படும் வகுப்பு ரேங்க் பல பள்ளிகளில் அப்படியேதான் இருக்கிறது. முதலில் போக வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

'கணிதத்தில் 72' என்பது, எவ்வளவு குறையுடையதாயினும், அம்மாணவி எழுதிய விடைத்தாளைப் பற்றிய கூற்று. 'வகுப்பில் 14' என்பதோ அவளுக்கு முன்னால் 13 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி மட்டுமே. அடுத்த பருவத்தில் அவள் கூடுதலாகக் கற்று, மற்றவர்களும் அவ்வாறே கற்றிருந்தால், மீண்டும் 14. முன்னணியிலிருந்த மூவர் வேறு பள்ளிக்கு மாறிச் சென்றால், ஒரு வரிகூடப் புதிதாகக் கற்காமலே 11. நாற்பது பேரும் பாடத்தை நன்றாகக் கற்ற வகுப்பிலும் எவரேனும் ஒருவர் நாற்பதாவதாக நின்றே தீர வேண்டும். அந்தக் குழந்தையிடம் நாம் சொல்வதுதான் என்ன?

'சேர்க்கைக்குத் தரவரிசை வேண்டாமா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டும், இடங்கள் குறைவாகவும் விண்ணப்பங்கள் மிகுதியாகவும் இருக்குமிடத்தில் ஏதோவொரு வரிசை தேவை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் சமமான கட்-ஆஃப் பெற்றவர்களைப் பிரிக்கக் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி எனப் பார்த்துக்கொண்டே போய், எதுவும் பயன்படாதபோது சமவாய்ப்பு எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணைத் தகுதி என்று யாரும் எண்ணுவதில்லை. இதை நேர்மையான நடைமுறை என்றே நான் கருதுகிறேன்: வரிசை என்பது இடங்களைப் பங்கிடும் வழி, அவ்வளவே. எட்டாம் வகுப்பில் பங்கிட எந்த இடமும் இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. சிற்றூரிலிருந்து, வசதியற்ற குடும்பத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை ஊரறியப் புகழ்பெற மாநில முதலிடம் ஒன்றே வழியாக இருந்தது என்பார்கள். அப்படிப் புகழ்பெற்றவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அந்த இடத்திற்காகவே தனியார் உறைவிடப் பள்ளிகள் எழுந்ததையும், அவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தியதையும் மறக்க இயலாது. 2018இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு அவ்வழக்கமும் ஒரு காரணம். போட்டி, கற்பித்தலையே தின்றுவிட்டது.

அறிவிப்பை நிறுத்தினால் ரேங்க் ஒழிந்துவிடுமா? நான் ஆய்வு செய்யும் ஹைதராபாத்தில் பயிற்சி நிறுவனங்களின் விளம்பரப் பலகைகளில் மாணவர் முகங்களைவிட அகில இந்திய ரேங்க் எண்களே பெரியவை. அரசு விட்டதைச் சந்தை எடுத்துக்கொள்கிறது. அட்டையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், பெற்றோரே மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்களை விசாரித்து அதை நிரப்பிக்கொள்வார்கள். அவர்கள்மேல் குறைசொல்ல முடியாது. 'நன்று', 'இன்னும் முயற்சி தேவை' என்ற ஆசிரியர் குறிப்பிலிருந்து அவர்கள் வேறு எதை அறிவார்கள்?

ஆகவே அந்த இடத்தில் ஒரு வாக்கியம் வேண்டும். 'பின்னங்களைக் கூட்டுகிறாள், வகுக்கும்போது எந்தப் பின்னத்தைத் தலைகீழாக்குவது என்பதில் தடுமாறுகிறாள்.' இப்படியொன்றைச் சிந்தித்து எழுத இரண்டு நிமிடமாவது ஆகும். நான்கு பிரிவுகளில் 180 பேருக்குக் கணிதம் நடத்தும் ஓர் ஆசிரியருக்கு அது பருவத்துக்கு ஆறு மணி நேர வேலை. ரேங்க் போடுவது அரைமணியில் முடியும். அது இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவும் காரணம் என நினைக்கிறேன். வகுப்பு ரேங்க்கை நீக்கும் எந்தச் சுற்றறிக்கையும் அந்த ஆறு மணி நேரத்தைக் கால அட்டவணையில் ஒதுக்கியாக வேண்டும். எமிஸ் பதிவேற்றங்களுக்கே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் முறையிட்டுவரும் நிலையில், எந்த வேலையைக் குறைத்து அதைத் தரப்போகிறோம் என்பதையும் அதே சுற்றறிக்கை சொல்ல வேண்டும்.