பாட்டு நம்முடையது, ஸ்டேஷன் யாருடையது?

எஃப்எம்மில் கானா ஓடுகிறது, தொலைக்காட்சி மேடையில் பறை ஏறிவிட்டது, இனி நம் குரலுக்குத் தடையில்லை என்று மகிழ்கிறார்கள் தோழர்கள் சிலர். மகிழட்டும். ஆனால் நம் பாட்டைப் போடுவது வேறு, ஸ்டேஷன் நம் கையில் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை நமக்கு முன்பே அனுபவித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள்.

மெம்ஃபிஸ் நகரில் 1947இல் தொடங்கிய டபிள்யூடிஐஏ வானொலியின் முதலாளிகள் இருவரும் வெள்ளையர்கள். வெள்ளையருக்கான பாட்டுகளைப் போட்டார்கள், நட்டம். 1948இல் நாட் டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆசிரியரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். கேட்பவர்கள் குவிந்தார்கள். அடுத்த ஆண்டே நிகழ்ச்சிகள் அனைத்தும் கறுப்பின மக்களுக்கானவையாக மாறின. 1954இல் அது 50,000 வாட் நிலையம். பி.பி. கிங் வளர்ந்தது அங்கேதான். தம் மொழியை, தம் இசையை முதன்முறையாக நாள் முழுவதும் கேட்ட மக்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனால் மாறியது நிகழ்ச்சி மட்டும்தான். கல்லாப்பெட்டி மாறவில்லை. 1957இல் நிலையம் கைமாறியபோதும் வாங்கியவர் வெள்ளை முதலாளியே. பின்னர் பல கைகள் மாறி, இன்று அது ஐஹார்ட்மீடியா என்ற பெருநிறுவனத்தின் சொத்து. அந்த நிலையத்தை வளர்த்த மக்களிடம் எந்த விற்பனைக்கும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அதே காலத்தில் அட்லாண்டாவில் வேறொன்று நடந்தது. 1949இல் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கறுப்பினக் கணக்காளர் டபிள்யூஇஆர்டி வானொலியை 50,000 டாலருக்கு வாங்கினார். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம் அது. மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்க அலுவலகமும் பின்னாளில் அதே கட்டடத்தில் வந்தது. கிங் துடைப்பக் கட்டையால் மேற்கூரையைத் தட்டினால், மாடியிலிருந்து ஜன்னல் வழியே மைக் கீழே இறங்குமாம். கதை எவ்வளவு உண்மையோ, அப்படியொரு கதை பிறப்பதற்கே ஸ்டேஷன் நம்முடையதாக இருக்க வேண்டும். அதையும் 1968இல் பிளேட்டன் விற்றுவிட்டார். தனியொருவர் கையில் இருக்கும் சொத்து அவரோடு போய்விடும் என்பது இதில் இன்னொரு பாடம்.

இங்கே வருவோம். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையில் ஏலம் எடுக்கப் பணமுள்ளவர்களிடம் எஃப்எம் போனது. தனியார் எஃப்எம்மும் சரி, சமூக வானொலியும் சரி, சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. ஊரில் ஒரு சாதிக் கொலை நடந்தாலும் நம் கானா ஓடும், நம் செய்தி ஓடாது.

2006இல் சமூக வானொலிக் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தது. 2008இல் இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் சங்கம் ரேடியோ தொடங்கியது. நடத்துபவர்கள் தலித் பெண்கள். விதை, சிறுதானியம், தங்கள் பாட்டு எல்லாவற்றையும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார்கள். தொடங்கி வைத்தவர் அந்த 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி. சாவந்த். அங்கும் உரிமம் தொண்டு நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. அடுத்த அடி அதைத் தாண்டியதாக இருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் அமைப்பு பதிவு செய்து மூன்றாண்டு உள்ளூரில் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது விதி. தோழர்களே, சேரிப் பெண்கள், மாணவர்கள் பெயரில் இன்றே சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். செய்தி ஒலிபரப்பும் உரிமைக்காகச் சண்டை போடுங்கள். நம் பாட்டைப் போடச் சொல்லி அவர்கள் வாசலில் நின்றது போதும்.