எடைக்குப் போகும் பாட்டுப் பெட்டிகள்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய சாமான் கடைத் தராசில் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் ஏறுகின்றன. ரிக்கார்டு பிளேயரோடு வந்தவை. காசெட் காலத்தில் டீக்கடையிலும் வீட்டுக் கூடத்திலும் பாடியவை. சிங்கப்பூரிலிருந்து மாமா தூக்கி வந்தவை. "ஒரே மந்தமாகக் கேட்கிறது. பாட்டில் உயிரே இல்லை" என்று வீட்டார் அலுத்துக்கொள்கிறார்கள். பிறகு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். காந்தத்துக்கு ஒரு விலை, செம்புக்கு ஒரு விலை. பலகை அடுப்புக்கு.

இது வீண் நஷ்டம் என்பது நமது அபிப்பிராயம். பல பெட்டிகளில் காந்தம் நன்றாக இருக்கிறது. காகிதக் கூம்பு நன்றாக இருக்கிறது. கெட்டிருப்பது சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கண்டென்சர். அதன் விலை பெரும்பாலும் ஒரு ஓட்டல் சாப்பாட்டு விலைக்குள் அடங்கும்.

கிராஸ் ஓவர் என்பது என்ன?

நல்ல பெட்டிகளில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கும். பெரியது வூஃபர். சிறியது ட்வீட்டர். தவிலின் தொப்பி முழக்கம் பெரியதற்கு. ஜால்ராவின் கிணுகிணுப்பு சிறியதற்கு. வருகிற ஒலியை இப்படிப் பங்கு பிரித்துக் கொடுக்கும் சிறிய அமைப்புக்குத்தான் கிராஸ் ஓவர் என்று பெயர். கண்டென்சர் தாழ்ந்த ஒலியைத் தடுத்து, உயர்ந்ததை ட்வீட்டருக்கு விடும். கம்பிச் சுருள் உயர்ந்ததைத் தடுத்து, தாழ்ந்ததை வூஃபருக்கு விடும்.

இந்த ஏற்பாடு சினிமாக் கொட்டகையில் பேர் பெற்றது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அந்தக் காலத்தில் திரைக்குப் பின்னால் இருந்த குழாய்களில் பேச்சு கேட்டால் வாத்தியம் கேட்காது. வாத்தியம் கேட்டால் பேச்சு புரியாது. அமெரிக்காவில் எம்.ஜி.எம். படக் கம்பெனியின் ஒலிப்பதிவுத் தலைவர் டக்ளஸ் ஷீரரும் அவருடைய கூட்டாளிகளும் 1930-களின் நடுவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒலியை வெட்டி, இரண்டு வகைக் குழாய்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கொட்டகைகள் அதைப் பின்பற்றின. பிறகு அதே தத்துவம் வீட்டுப் பெட்டிக்குள் புகுந்தது.

கண்டென்சருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? பழைய பெட்டிகள் பலவற்றில் போட்டிருப்பது ரசாயனக் குழம்பு அடைத்த ரகம். ஆண்டுகள் போகப் போகக் குழம்பு காய்கிறது. நம் ஜில்லாவின் சித்திரை வெயிலைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. காய்ந்தால் அதன் அளவு மாறுகிறது, ட்வீட்டருக்குப் போகவேண்டிய ஒலி குறைகிறது. மரக்காணம் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று வேறு இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பிச் சுருள் அப்படிக் கெடுவதில்லை. அதைத் தொடவேண்டாம்.

வீட்டிலேயே செய்யலாம்

தனி ஆம்ப்ளிபயரிலிருந்து கம்பி வாங்கும் சாதாரணப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் வருவதில்லை. கம்பியைக் கழற்றிவிட்டால் அச்சமின்றித் திறக்கலாம். (வால்வு ரேடியோ அப்படியல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அதைத் தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள்.)

பழைய கண்டென்சர்மீது அச்சிட்டிருக்கும் அளவையே புதிதாகப் போடவேண்டும். "பெரிதாகப் போட்டால் நன்றாகக் கேட்கும்" என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். ட்வீட்டர் சுருள் மிக மெல்லியது. தாழ்ந்த ஒலி ஏறினால் கருகிவிடும். எழுத்து அழிந்திருந்தால் கணக்கு இருக்கிறது. 8 ஓம் ட்வீட்டருக்கு, ஒற்றைக் கண்டென்சரால், 3,000 அதிர்வில் பிரிக்க ஏறக்குறைய 6.6 மைக்ரோ பாரட் வேண்டும். பிளஸ், மைனஸ் குறியிட்ட ரகம் கூடவே கூடாது. பாலியஸ்டர் அல்லது பாலிபுரோபிலின் படல ரகம் காய்வதில்லை. அதைப் போட்டபின் ட்வீட்டர் சற்றுக் கூச்சலிட்டால், அரை ஓம் அல்லது ஒரு ஓம் மின்தடையை வரிசையில் சேர்த்தால் அடங்கும்.

கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் தொட்டால் உதிர்கிறதா? வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. பழையதைச் சுரண்டிவிட்டு ஒட்டலாம். ஆனால் பொறுமை வேண்டும். சுருள் நடுவில் நிற்காவிட்டால் காந்தத்தில் உரசும். ஒட்டிய பசை காயுமுன் கூம்பை விரல்களால் சமமாக அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் அப்போதே நகர்த்திவிடலாம்.

கடைசியாக, ஒன்றரை வோல்ட் பேட்டரியை வூஃபரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ்ஸை பிளஸ் முனையில் வைத்தால் பெரும்பாலானவற்றில் கூம்பு முன்னே வரும். இரண்டு பெட்டியும் ஒரே திசையில் நகரவேண்டும். மாறி நகர்ந்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும்.

கோவில் திருவிழாவில் கட்டும் கூம்புக் குழாய்க்கு நாம் இங்கே வக்காலத்து வாங்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தன. அது நியாயம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். வீட்டுக் கூடத்தில் தணிந்து பாடும் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

யார் கற்றுக்கொடுப்பது?

ரேடியோ ரிப்பேர்க் கடைகள் செல்போன் கடைகளாகிவிட்டன. பழைய கைகள் ஓய்ந்து வருகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கண்டென்சர் அளக்கும் மீட்டரும் ஈயப் பற்றுக்கோலும் அங்கே மாணவர்களுக்குப் புதியவை அல்ல. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் என்ன? ரிப்பேர்க்கடைப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கு ஒரு சன்மானமும் கொடுங்கள். பையன்களுக்குக் கணக்கு தெரியும்; அவருக்குக் காது தெரியும். பெட்டிகளை ஜனங்கள் கொண்டுவருவார்கள்.