ஒரு கிலோ சாட்டிலைட்டால் என்ன பயன்?

மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் நண்பர் ஒருவர், வானம் கறுத்தால் உடனே என் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்துவிடுவார். "அந்த மேகப் படத்தைப் போடுங்க சார்" என்பார். உப்பு வாரும் சமயத்தில் ஒரு மழை பெய்தால் போதும், பல நாள் உழைப்பு பாத்தியிலேயே கரைந்துவிடும்.

ஒரு நாள் அவருக்கு இலங்கையின் ராவணா-1 பற்றிக் காட்டினேன். எடை 1.05 கிலோ என்றதும் சிரித்தார். "ஒரு பாக்கெட் உப்பு எடைதானா? அது என்ன சார் செஞ்சிடும்?"

நியாயமான கேள்விதான். இலங்கைப் பொறியாளர்கள் உருவாக்கிய முதல் சாட்டிலைட் அது. தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா என்ற இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் படித்தபோது அதைச் செய்தார்கள். 2019 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்திற்குச் சென்றது. ஜூன் 17 அன்று அங்கிருந்து விடுவிக்கப்பட்டது. நேபாளத்தின் முதல் சாட்டிலைட்டும் கூடவே சென்றது.

சுமார் 400 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ 92 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவந்த அதனால் ஒரே ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. நண்பர் பார்க்கும் மேகப் படத்தைத் தருபவை இன்சாட் வகை சாட்டிலைட்கள். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் சுமார் 2,275 கிலோ எடை. இருப்பதோ 36,000 கி.மீ. உயரத்தில்.

அப்படியானால் சிறியது வீணா? இல்லை என்பதே என் கருத்து. நம் ஆரியபட்டாவும் 1975-ல் சோவியத் ராக்கெட்டில்தான் போனது. மின்சக்திக் கோளாறால் சில நாட்களிலேயே அதன் ஆய்வுக் கருவிகள் நின்றுபோயின. ஆனால் அதைச் செய்து பழகிய கைகள் நின்றுவிடவில்லை. இன்சாட் வரை வந்தது அந்தப் பழக்கத்தால்தான். 2009-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் பறந்ததும் இதே வழியில்தான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முதல் சாட்டிலைட்டுக்கு மாலை போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால், செலவழித்த பணம் மழையில் கரைந்த உப்புதான். இரண்டாவதும் மூன்றாவதும் வர வேண்டும். கற்றவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்றுத் தர வேண்டும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? 'ஜிபிரெடிக்ட்' என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து, உங்கள் ஊரைக் குறிப்பிடுங்கள். எந்தச் சாட்டிலைட் எப்போது தலைக்கு மேல் வரும் என்று காட்டும். விண்வெளி நிலையம் வரும் நேரம் பார்த்து, விடியலுக்கு முன்போ அந்தி சாய்ந்த பின்போ குழந்தைகளுடன் மாடிக்குச் செல்லுங்கள். ராவணா-1 2021-லேயே எரிந்து முடிந்துவிட்டது. ஆனால் அது புறப்பட்ட வீடு இன்னும் நம் தலைக்கு மேல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்க்கும் குழந்தைகளில் ஒன்று, நாளை உப்பளத்துக்கு மழைச் செய்தி சொல்லும் சாட்டிலைட்டைச் செய்யலாம்.